பருப்பு நன்றாக வேகும் தண்ணீர்

எங்கள் ஊரில் மூன்று தண்ணீர் உண்டு. தர்மபுரி மாவட்டத்தில் பாலக்கோடு பக்கம் சின்ன ஊர், பெயர் வேண்டாம். மேற்கே ஏரிக்கரை தாண்டி பஞ்சாயத்து போட்ட ஆழமான போர் ஒன்று, எண்ணூறு அடி. கிழக்கே மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் பழைய போர் ஒன்று, இருநூறு அடிகூட இருக்காது, முன்பு அடிபம்பு இருந்த இடம், இப்போது மோட்டார் இறக்கியிருக்கிறார்கள். மூன்றாவது ஒகேனக்கல் தண்ணீர், அது வருகிற அன்றைக்கு வரும்.

மேற்கு போர்த் தண்ணீர் என்றால் ஊருக்கே உயிர். லேசாக இனிக்கும். சோப்பு போட்டால் நுரை பொங்கும். துவரம்பருப்பு இரண்டே விசிலில் மசிந்துவிடும். கிழக்கு போர் நேர்மாறு: உப்புக் கரிக்கும், காய்ச்சினால் குண்டான் அடியில் வெள்ளையாகப் படியும், பருப்பை வைத்துவிட்டு ரேஷன் கடைக்குப் போய் வந்தாலும் முழித்துக்கொண்டு கிடக்கும். அதை மாட்டுக்கும் துணி துவைக்கவும் பிடிப்பதோடு சரி. ஒகேனக்கல் தண்ணீரைப் பற்றி ஒரே புகார்தான், பிளீச்சிங் பவுடர் வாசம்.

இந்த மூன்றில் குடிக்க எது நல்லது என்று யாரைக் கேட்டாலும் மேற்கு போர் என்றுதான் சொல்வார்கள். குடிக்கவே கூடாத தண்ணீர் அதுதான்.

எனக்கு இது தெரிந்தது பரிசோதனைச் சீட்டைப் பார்த்துத்தான். நான் ஊரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், கூடவே ஆன்லைன் விண்ணப்பம், பட்டா, சிட்டா எல்லாம். பஞ்சாயத்துக் காகிதங்கள் பெரும்பாலும் என் மெஷின் வழியாகத்தான் போகும். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்திலிருந்து வந்த சீட்டு இரண்டு நகல் எடுக்க வந்தது. எடுத்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் ஃபுளோரைடு என்ற வரிக்கு நேராகப் பேனாவால் கோடு போட்டிருந்தார்கள். இந்தியத் தர நிர்ணயத்தில், அதாவது ஐ.எஸ். 10500 என்ற அந்த ஆவணத்தில், லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருந்தால் நல்லது, வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை போகலாம் என்று இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் 1.5தான். மேற்கு போர் அதைப் போல இரண்டு மடங்குக்குப் பக்கத்தில் நின்றது. எல்லோரும் காறித் துப்புகிற கிழக்கு போரில் ஃபுளோரைடு அளவுக்குள்தான் இருந்தது.

சரி, இது எப்படி என்று தேடிப் படித்தேன். நம் மாவட்டம் முழுக்க அடியில் பழைய கடினப் பாறை. அந்தப் பாறையில் இருக்கும் அபடைட், பயோடைட், ஹார்ன்பிளண்ட் போன்ற கனிமங்களில் ஃபுளோரின் உண்டு. பாறை வெடிப்புகளுக்குள் தண்ணீர் வெகுகாலம் தேங்கிக் கிடந்தால் அது கரைந்து வரும். போர் ஆழமாகப் போகப் போக, பொதுவாக, தண்ணீரும் பாறையும் ஒட்டி இருந்த காலம் கூடுதல். அது ஒரு பாதி. மறுபாதி கால்சியம். தண்ணீரில் கால்சியம் நிறைய இருந்தால் ஃபுளோரைடு அதோடு சேர்ந்து படிந்துவிடும், கரைந்து நிற்காது. கால்சியம் குறைந்து, சோடியமும் பைகார்பனேட்டும் கூடின காரத்தன்மையுள்ள தண்ணீரில்தான் ஃபுளோரைடு சௌகரியமாகத் தங்கும். அப்படிப்பட்ட தண்ணீர் எப்படி இருக்கும்? கடினம் இல்லாமல் மென்மையாக இருக்கும், சோப்பு நுரைக்கும், பருப்பு மசியும். கொண்டைக்கடலை வேகவில்லை என்றால் ஒரு சிட்டிகை ஆப்பசோடா போடுகிறோமே, அது சோடியம் பைகார்பனேட்தான். மேற்கு போரில் அதைப் பூமியே போட்டு அனுப்புகிறது.

ஆக எந்தக் குணத்தை வைத்து நம் வீட்டுப் பெண்கள் தண்ணீருக்கு மார்க் போட்டார்களோ, அந்தக் குணம்தான் ஃபுளோரைடு இருக்கக்கூடும் என்பதற்கான அடையாளம். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஃபுளோரைடுக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது, இந்த அளவில் ருசியும் கிடையாது. மென்மையான தண்ணீர் எல்லாவற்றிலும் ஃபுளோரைடு இருக்கும் என்று இதை நீட்டிக்கவும் வேண்டாம், மழைத் தண்ணீரும் மென்மையானதுதான். நாக்கை நம்பித் தீர்ப்பு சொல்ல முடியாது என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அதற்காக உடனே கிழக்கு போருக்கு மாறவும் முடியாது. அதே சீட்டில் அதற்கு நைட்ரேட் வரியில் கோடு. 45 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது, போயிருந்தது. சுற்றிலும் மாட்டுக் கொட்டகை, எருக்குழி, ஒற்றைக் குழிக் கக்கூஸ்கள், ஆழமோ குறைவு, வேறெப்படி இருக்கும்? புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால் கரைத்தால் ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமப்பது குறைந்து உடம்பு நீலம் பாயும் ஆபத்து உண்டு. காய்ச்சினால் போகாதா என்று கேட்பார்கள். நைட்ரேட்டும் போகாது, ஃபுளோரைடும் போகாது. தண்ணீர் ஆவியாகிற அளவுக்கு மீதியில் கொஞ்சம் கூடத்தான் செய்யும்.

ஃபுளோரைடு என்ன செய்யும் என்று நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, கண்ணாடியில் பார்த்தால் போதும். முதலில் பல்லில் வெள்ளைத் திட்டு, அப்புறம் மஞ்சள் கோடு, முற்றினால் பழுப்பு. ஓசூரிலோ பெங்களூரிலோ வேலைக்குப் போன இடத்தில் சிரித்ததும் 'தர்மபுரி பக்கமா?' என்று கேட்கப்பட்டவர்கள் எனக்குத் தெரிந்தே பலர். பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்த அக்காக்களையும் தெரியும். இந்தக் கறை வெளியிலிருந்து ஒட்டியது இல்லை, ஆகவே எந்தப் பற்பொடியும் எடுக்காது. பல் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும்போதே, அதாவது ஏறக்குறைய எட்டு வயதுக்குள், குடித்த தண்ணீர் செய்த வேலை அது. எட்டு வயதுக்கு மேல் நல்ல தண்ணீருக்கு மாறினாலும் பல் மாறாது. ஆனால் எலும்பு வேறு கணக்கு. அளவு இன்னும் அதிகமாக இருக்கும் தண்ணீரைப் பல வருஷம் குடித்தால் முதுகு, கழுத்து, முட்டி என்று மூட்டுகள் இறுகும், கடைசியில் குனிய முடியாமல் போகும். பெரியவர்கள் அதை வயசு என்று சொல்லிவிட்டுத் தைலம் தடவிக்கொள்வார்கள்.

இந்தியாவில் இது முதலில் பதிவானது அன்றைய சென்னை மாகாணத்தில்தான், நெல்லூர்ப் பக்கம், 1937இல். அதற்கும் முன்பே அங்கே உழவு மாடுகள் நடக்க முடியாமல் படுத்துவிடுவதை விவசாயிகள் கவனித்திருக்கிறார்கள். மனிதனுக்கு முன்னால் மாட்டில் தெரிந்திருக்கிறது. மாடு வயசு என்று சொல்லாது, பாருங்கள்.

இதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. அதன் முழுப் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தணிப்பு என்று இருக்கிறது, ஃபுளோரைடால் பல்லிலும் எலும்பிலும் வரும் இந்தக் கேட்டுக்குப் பெயர் அது. 2008இல் அடிக்கல், ஜப்பானியக் கடன், கர்நாடகத்தில் போராட்டம், 2013இல் திறப்பு, 1,900 கோடி ரூபாய்க்கு மேல் செலவு. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் காவிரித் தண்ணீர். காவிரி ஓடுகிற தண்ணீர், பாறைக்குள் ஊறிக் கிடக்கவில்லை, அதனால் ஃபுளோரைடு குறைவு. அவ்வளவு பெரிய திட்டம் எங்கள் ஊருக்கு வந்து சேரும் இடம் எது தெரியுமா? முப்பதாயிரம் லிட்டர் மேல்நிலைத் தொட்டி. அதே தொட்டிக்குத்தான் மேற்கு போர் லைனும் ஏறுகிறது.

தொட்டிக்குக் கீழே இரண்டு கேட் வால்வு. ஒன்று ஆற்றுத் தண்ணீருக்கு, ஒன்று போருக்கு. எது எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர் எங்கள் தண்ணீர் விடுகிற அண்ணன். சம்பளம் சொற்பம், அதுவும் சேர்த்து வைத்து வரும். நான் சீட்டைக் காட்டி, 'ஏண்ணா, ரெண்டையும் கலக்குறீங்களே' என்றதற்கு, 'தம்பி, ஆத்துத் தண்ணி கால் டேங்க்குதான் ஏறுது. கலக்காம விட்டா மேலத் தெருவுக்குப் போய்ச் சேராது, சனம் என்னத்தான் வந்து பிடிக்கும். நீ வந்து பதில் சொல்றியா?' என்றார். என்னிடம் பதில் இல்லை.

கலப்பதே பாவம் என்றும் சொல்ல முடியாது. கணக்கு எளிது. போரில் லிட்டருக்கு 3 மில்லிகிராம், ஆற்றுத் தண்ணீரில் 0.3 என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பாதிக்குப் பாதி கலந்தால் 1.65 வரும், எல்லையைத் தாண்டிவிட்டது. ஒரு பங்கு போர், மூன்று பங்கு ஆறு என்றால் 1க்குச் சற்றுக் கீழே வந்து நிற்கும், தாராளமாகக் குடிக்கலாம். ஆனால் கால் டேங்க் ஆறு, முக்கால் டேங்க் போர் என்று போனால் 2.3 ஆகிவிடும். எங்கள் ஊரில் நடப்பது இந்தக் கடைசிக் கணக்குதான், கோடையில் இன்னும் மோசம். குழாயில் வருவதை எல்லோரும் ஒகேனக்கல் தண்ணீர் என்றே நினைத்துக் குடிக்கிறார்கள், பவுடர் வாசம் வேறு லேசாக அடிப்பதால் சந்தேகமும் வராது.

கலவையை நேராகப் பார்க்க ஒரு வழி கிடைத்தது. ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் பரிசோதனைப் பயிற்சி கொடுத்து ஒரு பெட்டியும் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் ஊர்ப் பெட்டி மகளிர் குழுத் தலைவி வீட்டில் பீரோ மேல் இருந்தது. அவர் எனக்குச் சின்னம்மா முறை. பெட்டியை இறக்கி மருந்தின் காலாவதித் தேதியைப் பார்த்தோம், இன்னும் சில மாதம் மிச்சம். மூன்று கண்ணாடிக் குப்பியில் மூன்று தண்ணீர், ஒவ்வொன்றிலும் அளவாக மருந்து. ஆற்றுத் தண்ணீர் குப்பி ரோஜாச் சிவப்பிலேயே நின்றது. மேற்கு போர் குப்பியில் சிவப்பு கரைந்து மஞ்சளுக்குப் போனது. தெருக்குழாய்த் தண்ணீர், அதாவது கலவை, இரண்டுக்கும் நடுவில், மஞ்சளை ஒட்டி. வண்ண அட்டையோடு ஒப்பிட வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போனோம், டியூப்லைட்டில் அந்த நிறம் ஏமாற்றும். சின்னம்மா மூன்று குப்பியையும் திண்ணையில் வரிசையாக வைத்துவிட்டு, போகிற வருகிற பெண்களைக் கூப்பிட்டுக் காட்டினார். நான் பேசிப் புரிய வைக்க முடியாததை அந்தக் குப்பிகள் செய்தன. ஆய்வகச் சீட்டு அளவுக்கு இது துல்லியம் கிடையாது, ஆனால் கேள்வி கேட்க இது போதும்.

இந்தச் செய்தி பரவியதும் யார் வந்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? ஃபில்டர் விற்கிறவர்கள். ஒரு பையன் பைக்கில் வந்து, இரண்டு டம்ளரில் தண்ணீர் பிடித்து, கம்பிகள் நீட்டிய ஒரு கருவியை விட்டு கரண்ட் கொடுப்பான். எங்கள் தண்ணீர் டம்ளர் பழுப்பாகக் குழம்பிப் போகும், அவனுடைய ஆர்.ஓ. தண்ணீர் டம்ளர் தெளிவாக நிற்கும். பார்ப்பவர்களுக்கு வயிறு கலங்கும். உண்மையில் அந்தப் பழுப்பு அவனுடைய இரும்புக் கம்பி கரைந்து வந்த துரு. தண்ணீரில் உப்பு இருந்தால் கரண்ட் பாயும், கம்பி கரையும், ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு இல்லை, அதனால் பாயாது. அவனுடைய தெளிந்த டம்ளரில் ஒரு சிட்டிகை சோற்றுப்பு போட்டு அதே கம்பியை விடச் சொல்லுங்கள், பையன் பைக்கை எடுத்துவிடுவான். டி.டி.எஸ். மீட்டர் என்று ஒன்று நீட்டுவார்கள், அதுவும் மொத்த உப்பைத்தான் காட்டும், அதில் ஃபுளோரைடு எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. மேற்கு போரைவிடக் கிழக்கு போருக்கு அது அதிக எண் காட்டியது என்பதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

ஆர்.ஓ. ஃபுளோரைடை எடுக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் வீட்டு மெஷினில் உள்ளே போகிற தண்ணீரில் பாதிக்கு மேல் கழிவாகத்தான் வெளியே வரும், ஃபுளோரைடு எல்லாம் அதில் செறிந்து. அதைக் கொல்லையில் விடுகிறோம். ஊருக்கு ஊர் ஐந்து ரூபாய்க் காசு போட்டால் கேன் நிரப்பும் பிளாண்ட்டுகளில் கழிவுக் குழாய் போர் பக்கத்துப் பள்ளத்திலேயே விழுவதைப் பார்த்திருக்கிறேன். அதே போரிலிருந்து அதே தண்ணீர். நாக்பூர் ஆய்வகம் கண்டுபிடித்த நல்கொண்டா முறை என்று ஒன்று உண்டு, படிகாரமும் சுண்ணாம்பும் கலந்து கலக்கித் தெளியவைத்தால் ஃபுளோரைடு சகதியோடு அடியில் தங்கும். செலவு குறைவு. ஆனால் தினமும் அளந்து போட ஆள் வேண்டும், சகதியை அள்ள ஆள் வேண்டும். ஏற்கெனவே ஒற்றை ஆளை வைத்து ஓட்டுகிற பஞ்சாயத்தில் அது நடக்கிற காரியமாக எனக்குத் தோன்றவில்லை.

ஃபுளோரைடு மெதுவாகக் கெடுப்பது. ஒரே ராத்திரியில் தெருவையே ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது கிருமி, அதை இந்த ஃபுளோரைடு பேச்சில் மறந்துவிடக் கூடாது. பிளீச்சிங் பவுடர் ஆயிரம் லிட்டருக்கு நான்கு கிராம் என்று வைத்தால் எங்கள் தொட்டிக்கு 120 கிராம். மளிகைக் கடைத் தராசில் நிறுத்துப் பார்க்கலாம். அதை வாளியில் கரைத்து, தெளிய விட்டு, மேலே நிற்கும் தெளிந்த நீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டும், அரை மணி நேரமாவது கழித்துத்தான் வால்வைத் திறக்க வேண்டும். பவுடர் புதிதாக இருந்தால்தான் அதில் குளோரின் இருக்கும். வாய் திறந்த மூட்டை தொட்டி அடியில் ஈரத்தில் கிடந்தால் மிஞ்சுவது சுண்ணாம்பு. கடைசித் தெருவின் கடைசிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருந்தால்தான் வழி முழுக்கக் காவல் இருந்தது என்று அர்த்தம். நாம் என்ன செய்கிறோம்? வாசம் அடிக்கிறது என்று அண்ணனைத் திட்டுகிறோம். அடுத்த வாரம் அவர் போடுவதை நிறுத்திவிடுகிறார், திட்டும் நின்றுவிடுகிறது.

இதில் இன்னொன்று. எங்கள் தெரு வால்வு குழியில் எப்போதும் சாக்கடைத் தண்ணீர் நிற்கும். குழாயில் தண்ணீர் ஓடும்போது ஒன்றும் ஆகாது, அழுத்தம் வெளியே தள்ளும். நிறுத்தியதும் குழாய் காலியாகி உள்ளே இழுக்கும், கசிகிற மூட்டு வழியாகக் குழித் தண்ணீர் உள்ளே போகும். யாராவது குழாயில் மோட்டார் போட்டு உறிஞ்சினால் இன்னும் வேகமாகப் போகும். மறுநாள் முதலில் பிடிக்கிற குடத்தில் வருவது அதுதான். முதல் குடத்தைச் செடிக்கு ஊற்றுங்கள். மோட்டார் வைத்திருக்கிற வீடுகள் எவை என்று ஊருக்கே தெரியும், அதைப் பேசினால் சொந்தத்துக்குள் சண்டை வரும், எனவே பேசுவதில்லை. நானும் இங்கே பேசாமல் தாண்டுகிறேன்.

மார்ச் 22 கிராம சபையில் நாங்கள் கேட்டது ஒன்றுதான்: குடிநீர்த் தொட்டிக்கு ஏறும் போர் லைனைக் கழற்றி, தெருமுனை சின்டெக்ஸ் தொட்டிகளுக்கு மட்டும் விடுங்கள். தண்ணீர் பத்தாது என்றார்கள். பத்தும். ஒரு ஆளுக்குக் குடிக்கவும் சமைக்கவும் ஏழெட்டு லிட்டர் போதும், நான்கு பேர் வீட்டுக்கு இரண்டு குடம். மூன்று நாளைக்கு ஒருமுறை ஆற்றுத் தண்ணீர் வந்தாலும் ஆறு குடம் பிடித்து மூடி வைத்தால் தீர்ந்தது. குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ மேற்கு போர்த் தண்ணீர் தங்கமான தண்ணீர், ஃபுளோரைடு தோல் வழியாக ஒன்றும் செய்யாது. ஆறும் போரும் ஒரே தொட்டியில் விழுவதுதான் கோளாறு. தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்கள். லைன் இன்னும் கழற்றப்படவில்லை.

சமைக்க என்பதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. குடிக்க கேன் வாங்குகிற வீடுகளிலும் உலைக்குப் போர்த் தண்ணீர்தான். சோற்றை வடித்தால் கொஞ்சமாவது கஞ்சியோடு போகும், குக்கரில் வைத்தால் முழுக்க உள்ளேயே இருக்கும். களிக்குச் சொல்லவே வேண்டாம், ஊற்றுகிற தண்ணீர் அத்தனையும் மாவு குடித்துவிடும். நல்லவேளை, கேழ்வரகில் கால்சியம் நிறைய, அது வயிற்றுக்குள் ஃபுளோரைடை ஓரளவு பிடித்துக்கொள்ளும். அதை நம்பி இருந்துவிட முடியாது, இருந்தாலும் அரிசிக்கு மாறின வீடுகளுக்கு அந்தச் சின்னப் பாதுகாப்பும் போயிற்று.

எட்டு வயதுக்குள் என்ற கணக்கை வைத்துப் பார்த்தால் ஊரில் முதலில் மாற வேண்டிய சமையல் அங்கன்வாடியில். அங்கே சாம்பார் வைக்கிற ஆயாம்மாவுக்கு மேற்கு போர்தான் பிடிக்கும், பருப்பு சீக்கிரம் வேகும், கேஸ் மிச்சம். திண்ணையில் குப்பிகளைப் பார்த்தவர்களில் அவரும் ஒருவர். இப்போது மூடி போட்ட டிரம் ஒன்று வைத்து, ஆற்றுத் தண்ணீர் வருகிற அன்று, தொட்டிக்கு ஏறும் முன் கீழ் வால்வு பக்கத்தில் இருக்கும் குழாயிலேயே பிடித்துக்கொள்கிறார்கள். அண்ணன்தான் போன் போட்டுச் சொல்கிறார். வீட்டில் கைக்குழந்தை, கர்ப்பிணி இருக்கிற சிலரும் குடத்தோடு அங்கே வர ஆரம்பித்திருக்கிறார்கள், வரிசையில் சலசலப்பும் ஆரம்பித்திருக்கிறது. மே மாதம் குழாய் உடைந்து ஒரு வாரத்துக்கு ஆறு வரவில்லை, அப்போது டீச்சர் கைக்காசு போட்டுக் கேன் வாங்கினார். அந்தக் காசை எந்தக் கணக்கில் எழுதுவது என்று யாருக்கும் தெரியவில்லை. அதற்கு ஒரு மனு அடித்துக் கொடுத்திருக்கிறேன், லைனைக் கழற்றக் கேட்ட தீர்மானத்தின் நகலையும் பின்னால் சேர்த்து.